பிற்கால ரோமானிய வெண்கலக் காசு: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்க

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 294 வாக்கில் நாணய முறையைத் திருத்தினார். பின்னாளில் வந்த பேரரசர் அனஸ்டேசியஸ் 498-இல் பெரிய செப்புக் காசுகளை வெளியிட்டார். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுச் சில்லறையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஏராளமாக அச்சானது, ஏராளமாகப் புதைந்தது, அதனால் இன்றும் மலிவு. ரோமானியக் காசு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கை வைக்கிறார்கள். கையில் வந்ததும் "இது எந்த மன்னன்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். காசு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தால் அது காத்திருக்காது.

ஆகவே கீழே எந்த அறிகுறிக்கு வேண்டுமானாலும் நேராகப் போகலாம், ஆனால் வேலையின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்: முதலில் அரிப்பு, பிறகு அழுக்கு, அதன்பிறகு அடையாளம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, மில்லிமீட்டர் அளவுகோல், சாய்வாக ஒளி அடிக்க ஒரு டார்ச் ஆகியவை போதும். காசின் எழுத்துகளை இங்கே ஆங்கில எழுத்துப் பெயர்களால் சொல்கிறேன். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தக் காசுகளில் 'யு' வராது, அந்த இடத்தில் 'வி'தான் இருக்கும்.

வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது

எல்லாவற்றிலும் அவசரமான அறிகுறி இதுதான். பச்சையாக இருக்கும் காசெல்லாம் நோயாளி அல்ல. கரும்பச்சையாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் அசையாத படலம் காசுக்குக் கவசம். அதை விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது சிறு குழிகளிலிருந்து கிளம்பும், விபூதி போல விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி. வெண்கல நோய் என்பது இதைத்தான்.

பெயர் அப்படி இருந்தாலும் இதில் கிருமி எதுவும் கிடையாது. மண்ணில் கிடந்த காலத்தில் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, குப்ரஸ் குளோரைடாகப் படலத்துக்கு அடியில் தங்கிவிடுகிறது. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் அதை எட்டுகின்றன. அது பச்சைப் பொடியாக மாறும்போது அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் அடியிலுள்ள நல்ல செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடை உண்டாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுழற்சி ஓயாது. ஐரோப்பாவின் உலர்ந்த அறையில் ஆண்டுக்கணக்கில் தூங்கிய காசு சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்து ஒரு மழைக்காலத்தில் பொடி கக்குவது இதனால்தான். நம் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. இந்த நோய் அடங்க அது 40-க்குக் கீழே இறங்க வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே வேதியியல் கூடம் அமைத்ததற்கு நம் வெண்கலச் சிலைகளைப் பிடித்த இதே நோய்தான் காரணம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்து, காசை அதில் படாமல் வைத்து மூடுங்கள். ஓரிரு நாளில் புதிதாகப் பச்சைப் புள்ளிகள் கிளம்பினால் நோய் உறுதி. கிளம்பாவிட்டால் காசை உலர்த்திப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

உறுதியானால் முதலில் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பொடியை லென்ஸுக்கு அடியில் மரப் பல்குச்சியால், குழியின் அடிவரை சுரண்டி எடுங்கள். இந்த இடத்தில் கை நடுங்கி அரைகுறையாக விட்டால் பிறகு செய்கிற எதுவும் பயன்படாது. அடுத்து ஊறல். சலவைச் சோடா, சமையல் சோடா இரண்டும் கலந்து, காய்ச்சி வடித்த நீரில் ஐந்து விழுக்காட்டுக் கரைசல் தயாரித்து அதில் காசை மூழ்க வைக்க வேண்டும். கரைசலை வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். இதற்கு வாரங்கள் ஆகும், முற்றிய காசுக்கு மாதங்கள்கூட ஆகலாம். படலத்தின் நிறம் சற்று மாறும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெருமதிப்புள்ள காசை இப்படி வீட்டில் ஊறவைக்க வேண்டாம், பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். ஊறல் முடிந்ததும் வடித்த நீரை மாற்றி மாற்றி அலசி, அசிட்டோனில் ஒருமுறை முக்கி எடுத்து உலர்த்துங்கள். ஈரச் சோதனையை மறுபடி நடத்துங்கள். தேறினால் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிதாகத் தடவலாம்.

பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அருங்காட்சியகங்கள் அதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அது நச்சு. காற்றோட்டக் கூண்டும் கையுறையும் இல்லாத வீட்டில் அதற்கு வேலை இல்லை.

குணமான காசும் திரும்ப நோய்ப்படும். ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகா டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் உண்மையான மருந்து. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தை விரட்டித் திரும்பப் போடுங்கள். அரிசி போட்டு வைத்தால் போதும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அரிசியே நம் ஊர் ஈரத்தில் நமத்துப்போகிறது.

பச்சையாகப் பிசுபிசுக்கிறது

பொடியாக இல்லாமல் எண்ணெய்ப் பசை போல மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரி படிந்திருந்தால், காசு இருந்த உறையை முகர்ந்து பாருங்கள். புது ஷவர் திரையின் வாடை அடித்தால் அது மென்மையான பி.வி.சி உறை. அதிலிருந்து கசியும் பொருள்தான் காசில் படிகிறது. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போய்விடும். உறையைக் குப்பையில் போடுங்கள். மைலார் என்ற பாலியெஸ்டர் உறைகளில் இந்தத் தொல்லை இல்லை.

மண் விடமாட்டேன் என்கிறது

கொத்தாக விற்கப்படும் கழுவாத காசுகளை வாங்குகிறவர்களுக்குத்தான் இந்த அவதி. காய்ச்சி வடித்த நீரில் போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் வழி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் மேலே சொன்ன நோய்க்கு விருந்து. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரே போதும், ஆனால் அது வெறும் நீர்தானா, அமிலம் கலந்ததா என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இளகிய மண்ணை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மரப் பல்குச்சியாலும் அகற்றுங்கள். இளகாததை மறுபடி ஊறப்போடுங்கள்.

ஆலிவ் எண்ணெயில் ஊறவைப்பது பழைய பழக்கம். அதிலுள்ள அமிலம் மெதுவாகப் படலத்தையும் கரைக்கும் என்பதால் இப்போது பலர் கைவிட்டுவிட்டார்கள். மின்பகுப்பு, கம்பி பிரஷ், அடுப்பில் சுடுவது ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்பதற்குக் காரணம் உண்டு. ஆயிரத்து அறுநூறு ஆண்டு மண்ணில் கிடந்த காசின் மேல்தோல் உலோகமாகவே இருப்பதில்லை. மன்னனின் மூக்கு, முடிப்பட்டையின் மணிகள், எழுத்தின் முனை எல்லாம் துருவாக மாறிய அந்தப் படலத்தில்தான் பதிந்திருக்கின்றன. படலத்தை உரித்தால் அடியில் பளபளக்கும் செம்பு கிடைக்கும், படம் கிடைக்காது. எழுத்து தெரியும் அளவுக்கு மண் போனதும் நிறுத்திவிடுவது என் வழக்கம். மிச்சம் ஒட்டியிருக்கும் மண்ணால் ஒரு கெடுதலும் இல்லை.

காசு செம்புச் சிவப்பாக இருக்கிறது

யாரோ புளி போட்டுத் துலக்கிவிட்டார்கள். செம்புப் பாத்திரத்தைப் புளியால் தேய்த்துப் பழகிய கை, காசைக் கண்டதும் அதையே செய்கிறது. எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எல்லாம் இதே ரகம்தான். அமிலம் படலத்தை முழுக்கக் கரைத்துவிடும்.

இதற்குத் திருத்தம் கிடையாது. கந்தகக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் வரும், போன விவரம் வராது. ஒரே சீராக, மைக்கறுப்பாக, பள்ளமும் மேடும் ஒரே நிறத்தில் இருக்கும் காசைப் பார்த்தால் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். சிவந்த காசை உலர்வாக வைத்துவிட்டால் காலப்போக்கில் அதுவாகவே பழுப்பேறும்.

அங்கங்கே வெள்ளைத் திட்டு

நான்காம் நூற்றாண்டின் முதல் பாதிக் காசு என்றால் மகிழ்ச்சியடையுங்கள். டயோக்ளீஷியன் வெளியிட்ட பெரிய காசில் சில விழுக்காடு வெள்ளி கலந்திருந்தது, மேலே வெள்ளிப் பூச்சும் இருந்தது. புதிதாக வந்தபோது வெள்ளிக் காசு போலவே மின்னியிருக்கும். கைமாறிக் கைமாறி அது தேய்ந்து போக, இடுக்குகளில் மட்டும் மிஞ்சியது. அந்தத் திட்டை அழுக்கு என்று தேய்த்துவிட வேண்டாம். பூச்சு நிலைத்திருக்கும் காசுக்குத் தனி விலை உண்டு.

முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை

முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் காசைத் திருப்புங்கள். கான்ஸ்டன்டைன் காலம் தொட்டு மன்னர் முகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. பெரிய கண், நேரான மூக்கு, மழித்த தாடை. ஜூலியன் போன்ற சிலர் மட்டும் தாடி வளர்த்து விதிவிலக்காக நிற்கிறார்கள். காலத்தைக் காட்டிக்கொடுப்பது பின்பக்கம். அரசாங்கம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பின்பக்கப் படத்தைப் பேரரசு முழுக்க மாற்றியது. அதனால் படத்தை அடையாளம் கண்டால் ஆண்டு கிடைக்கும், ஆண்டு கிடைத்தால் மன்னர் இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிடுவார்.

தலையில் கதிர்முடியோடு வலக்கை உயர்த்தி நிற்கும் ஆண் உருவம் சூரியதேவன். 310-இல் தொடங்கும் பத்தாண்டு. இரண்டு கோபுரம் வைத்த கோட்டை வாயில், மேலே ஒரு நட்சத்திரம் என்றால் 324-க்கும் 330-க்கும் நடுவில். இரண்டு போர்வீரர்கள், நடுவே இராணுவக் கொடி என்றால் கொடிகளை எண்ணுங்கள். இரண்டு கொடி 330 முதல் 335 வரை, ஒற்றைக் கொடி அதற்குப் பிறகு 341 வரை. எழுத்து முழுவதும் அழிந்துபோன காசிலும் இந்தக் கொடி எண்ணிக்கை பெரும்பாலும் தெரியும். இந்தக் காலக் காசுகளை விரும்புவதற்கு எனக்கு இதுவே ஒரு காரணம்.

ஒரு வீரன் குதிரையோடு சரியும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான் என்றால் 348-க்குப் பிந்திய 'பெல் டெம்ப் ரெபராட்டியோ' வரிசை. நல்ல காலம் திரும்பிவிட்டது என்று பறைசாற்றும் காசு. அந்த நல்ல காலத்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது என்பது வேறு கதை. இதே எழுத்தோடு பீனிக்ஸ் பறவை, கப்பலில் நிற்கும் மன்னர், குடிசையிலிருந்து சிறு உருவத்தை அழைத்துவரும் வீரன் என்று வேறு படங்களும் உண்டு.

கைதியை இழுத்துச் செல்லும் உருவம்தான் பலரையும் குழப்புவது. சிறகு இருக்கிறதா என்று பாருங்கள். சிறகில்லாமல் கொடியேந்திக் கைதியின் தலைமுடியைப் பிடித்து இழுப்பவர் மன்னர். காசு 17, 18 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலும் 364-க்குப் பின் வாலன்டினியன், வாலன்ஸ், கிரேஷியன் மூவரில் ஒருவர். சிறகோடு தோளில் வெற்றிச்சின்னம் சுமந்து இழுப்பவள் வெற்றித் தேவதை. காசும் 13 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தால் 383-க்குப் பிந்திய 'சாலுஸ் ரெய்புப்ளிக்கே'. இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் ஆகிய நால்வருக்குள் தேட வேண்டும். சிறகோடு இருந்தும் கைதி இல்லாமல் கையில் மாலை மட்டும் ஏந்தி நடந்தால் மறுபடி வாலன்டினியன் குடும்பம்.

முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த உருவம் இருந்து மன்னர் பெயரே இல்லையென்றால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அது ரோம் நகரமோ கான்ஸ்டன்டினோப்பிளோ பெண்ணுருவாக நிற்பது. பின்னால் ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டையர் என்றால் ரோம், கப்பல் முகப்பில் நிற்கும் வெற்றித் தேவதை என்றால் புதுத் தலைநகர். புதுத் தலைநகரின் திறப்பு விழா 330 மே 11-இல் நடந்தது. இந்தக் காசுகள் அதை ஒட்டி வந்தவை.

'கான்ஸ்டன்' வரை படிக்க முடிகிறது, அதற்கு மேல் இல்லை

இந்தக் குடும்பம் பெயர் வைத்ததில் சேகரிப்பாளருக்குச் செய்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. அப்பா கான்ஸ்டன்டியஸ், மகன் கான்ஸ்டன்டைன், பேரன்கள் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். இது போதாமல் இன்னொரு பேரன் காலஸ், அவரும் காசில் கான்ஸ்டன்டியஸ்.

'டி ஏ என்' எழுத்துகளுக்கு அடுத்து நேராக 'எஸ்' வந்து பெயர் முடிந்தால் கான்ஸ்டன்ஸ். 'டி ஐ' வந்து அதற்கடுத்த எழுத்து 'என்' என்றால் கான்ஸ்டன்டைன், 'வி' என்றால் கான்ஸ்டன்டியஸ். அந்த ஒற்றை எழுத்துக்காக டார்ச்சை நாலு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். நேர் ஒளியில் தெரியாத எழுத்து சாய்வொளியில் நிழல் விழுந்து எழும்பும்.

கான்ஸ்டன்டைன் என்று தெரிந்தபின் அப்பாவா மகனா என்ற கேள்வி. பெயரை அடுத்து 'எம் ஏ எக்ஸ்' இருந்தால் அப்பா. 'ஐ வி என்' இருந்தால், அதாவது இளையவர் என்று இருந்தால், மகன். அந்த இடமும் அழிந்திருந்தால் தலையைப் பாருங்கள். இரண்டு வீரர் காசில் அப்பாவுக்கு மணி பதித்த முடிப்பட்டை, இளவரசர்களுக்கு வெறும் இலைமாலை. இளவரசர் பட்டத்துக்கான 'என் ஓ பி' எழுத்துகள் கண்ணில் பட்டாலும் சந்தேகம் தீர்ந்தது. கான்ஸ்டன்டைன் 337 மே மாதம் இறந்து, செப்டம்பரில் மூன்று மகன்களும் மன்னர்களானதும் எல்லோர் தலையிலும் முடிப்பட்டை ஏறிவிடுகிறது. அதனால் ஒற்றைக் கொடிக் காசில் இந்தத் தந்திரம் பாதி நேரம்தான் உதவும்.

குதிரை சரியும் காசில் கான்ஸ்டன்டியஸ் என்றிருந்து தலையில் ஒன்றுமே இல்லாவிட்டால் அது காலஸ். 351-இல் இளவரசராகி 354-இல் கொல்லப்பட்டவர். முக்காடிட்ட தலை இருந்தால் அது இறந்துபோன கான்ஸ்டன்டைன், மகன்கள் அவர் நினைவாக வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் நாலு குதிரைத் தேரில் அவர் விண்ணேறுவதும், மேலிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்வதும் இருந்தால் அந்தக் காசைக் கொத்தில் மறந்து வைத்துவிடாதீர்கள்.

'வி ஏ எல் இ என்' வரை மட்டும் தெரியும் காசுக்கும் இதே முறைதான். அடுத்தது 'எஸ்' என்றால் வாலன்ஸ், 'டி' என்றால் வாலன்டினியன்.

அடியிலுள்ள எழுத்துகள் புரியவில்லை

பின்பக்கத்தில் தரைக்கோட்டுக்குக் கீழே இருப்பது நாணயச்சாலையின் குறி. 'எஸ் எம்' என்று தொடங்கினால் அந்த இரண்டையும் தள்ளிவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். 'ஏ என்' அந்தியோக்கியா, 'கே' சிசிக்கஸ், 'என்' நிக்கொமீடியா, 'எச்' ஹெராக்லியா, 'டி எஸ்' தெசலோனிக்கா. 'எஸ் ஐ எஸ்' சிஸ்கியா, 'டி ஆர்' ட்ரியர், 'ஏ எல் இ' அலெக்சாந்திரியா. 'பி எல் என்' என்றால் லண்டன். அந்தச் சாலை 325 வாக்கில் மூடப்பட்டுவிட்டதால் அதற்குப் பிந்திய படத்தோடு லண்டன் குறியைக் கண்டதாக நினைத்தால், 'என்' உண்மையில் 'ஜி'யாக இருக்கும். 'பி எல் ஜி' லியோன்.

ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்து, சாலைக்குள் எந்தப் பட்டறை என்பதைச் சொல்கிறது. மேற்கே பி, எஸ், டி, கியூ என்ற இலத்தீன் முதலெழுத்துகள். கிழக்கே ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற கிரேக்க எண்ணெழுத்துகள். இதை வைத்துப் பெரிய குழப்பம் ஒன்றைத் தீர்க்கலாம். 'சி ஓ என் எஸ்' என்பது கான்ஸ்டன்டினோப்பிள். பிரான்சிலுள்ள ஆர்ல் நகருக்கும் 328-இல் கான்ஸ்டன்டினா என்று பெயர் சூட்டியதால் அங்கும் 'சி ஓ என் எஸ் டி' என்று பொறித்தார்கள். பட்டறை எழுத்து முன்னால் வந்தால் ஆர்ல், பின்னால் ஒட்டினால் கான்ஸ்டன்டினோப்பிள். பல காசுகளில் கடைசி 'டி' காசுக்கு வெளியே போயிருக்கும், அப்போதும் இது கைகொடுக்கும்.

பெயரில் ஓரெழுத்தும், படமும், சாலைக் குறியும் கிடைத்துவிட்டால் அமெரிக்க நாணயவியல் சங்கம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ரோமப் பேரரசுக் காசுப் பட்டியலில் தேடலாம். சாலையையும் மன்னரையும் தேர்ந்து, பின்பக்க எழுத்தில் தெரியும் பகுதியைக் கொடுத்தால் வரிசை எண் வரை போய்விடலாம்.

எடை பட்டியலோடு ஒத்துப்போகவில்லை

பாதி நேரம் காசில் தவறில்லை, காலத்தைத் தவறாக எண்ணியிருப்போம். 294-இல் ஏறக்குறைய 10 கிராமில் தொடங்கிய காசு, அடுத்த இருபதே ஆண்டில் மூன்று நான்கு கிராமாகி, ஒற்றைக் கொடிக் காலத்தில் ஒன்றரை கிராமை ஒட்டி வந்து, ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு கிராமே கனம் என்ற நிலைக்கு இறங்கியது. ஆகவே எடையும் ஆண்டைச் சொல்லும். ஒரே வகைக்குள்ளும் கால், அரை கிராம் ஏறி இறங்குவது வழக்கம். இத்தனை காசுக்கு இத்தனை ராத்தல் உலோகம் என்று கணக்குப் போட்டார்களே தவிர, காசு காசாக எடை பார்க்கவில்லை.

அச்சைவிடக் காசு சிறியதாக இருந்து எழுத்து பாதி வெளியே போயிருந்தால், ஓரத்தை யாரும் வெட்டவில்லை. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அவசரமாக அடித்ததே அப்படித்தான்.

எழுத்து பிதற்றுகிறது, உருவம் குச்சி குச்சியாக இருக்கிறது

உடனே போலி என்று தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காலத்திலேயே அடிக்கப்பட்ட நகலாக இருக்கலாம். 350-களில் பிரிட்டனிலும் காலியாவிலும் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) சில்லறை போதாமல் குதிரை சரியும் காசை உள்ளூரில் கண்டபடி நகலெடுத்தார்கள். எழுத்தறியாத கை செதுக்கிய அச்சு, அசலில் பாதி அளவு, சில கால்வாசி. இப்போது அவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான நகல்களும் உண்டு. இலங்கையில் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் ஐந்தாம் நூற்றாண்டையும் சேர்ந்த ரோமானியச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சிகிரியாவிலும் கிடைத்தன. அவற்றோடு கலந்து வருபவை தீவிலேயே செய்யப்பட்ட சிறு நகல்கள். மாத்தறைப் பக்கம் நைமனவில் கிடைத்த குவியல் இவ்வகைக்குப் பேர்போனது. தேய்ந்த தலை, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள், பின்னால் ஒரு சிலுவையோ நிற்கும் உருவமோ. ரோமப் பட்டியல் எதிலும் இதற்கு எண் கிடைக்காது. எண் கிடைக்காததைக் கோளாறு என்று எண்ணி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

மணல் நிறம் அழகாகப் படிந்திருக்கிறது, அல்லது ஓரத்தில் கோடு தெரிகிறது

பாலைவனப் படலம் என்று சொல்லி விற்பார்கள். பள்ளங்களில் இளஞ்சிவப்பு மண், மேடுகளில் கரும்பச்சை, படம் அப்படியே எழுந்து நிற்கும். சிரியா, இஸ்ரேல் பக்கமான லெவன்ட் பகுதிக் காசுகளில் இது இயற்கையாகவும் வரும். ஆனால் பசையில் மண்ணைக் குழைத்துப் பூசுவது இன்று ஒரு தொழில். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள். இயற்கை மண் அசையாது, பசை இளகிப் பஞ்சில் நிறம் ஏறும். பச்சைச் சாயம் பூசிய காசுக்கும் இதே சோதனை.

வார்ப்புப் போலி வேறு. அசல் காசு அடிக்கப்பட்டது, ஆகவே எழுத்தின் ஓரம் கூராக இருக்கும், விளிம்பில் சிறு விரிசல்கள் இருக்கும். வார்த்ததில் எழுத்து சோப்பு கரைந்தாற்போல் மழுங்கி, வெளியில் ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். இருநூறு ரூபாய்க் காசைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. மெனக்கெடுவது மாக்னென்டியஸின் பெரிய கிறிஸ்து முத்திரைக் காசு, ஜூலியனின் காளைக் காசு, பாம்பின் மேல் கொடிக்கம்பம் ஊன்றிய கான்ஸ்டன்டைன் காசு போன்றவற்றுக்குத்தான். இவை மூன்றும் மலிவாக வந்தால் வாங்காமல் இருப்பதே மலிவு.

விற்பவர் "ஆற்றில் எடுத்தது" என்கிறார்

இது காசின் அறிகுறி அல்ல, இருந்தாலும் பார்த்தேயாக வேண்டும். கரூரில் அமராவதி, மதுரையில் வைகை இரண்டின் மணலிலும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்தது உண்மை. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர், மதுரை காசுகளைப் பற்றி 1994-இல் தனி நூலே வெளியிட்டார். வைகை கடலில் சேரும் அழகன்குளத்து அகழாய்விலும் இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், ஆர்க்காடியஸ் காசுகள் வந்தன. எனவே கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் சில்லறையாகப் புழங்கித் தேய்ந்த சிறு காசுகள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும் பெரிய காசை அமராவதியில் எடுத்ததாக ஒருவர் நீட்டினால், அது விமானத்தில் வந்த கொத்திலிருந்து எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கதை உண்மையானால் சிக்கல் வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டிலுள்ள நண்பருக்கு ஒரு தபால் உறையில் காசு அனுப்புவதும் இதில் அடங்கும். இலங்கையில் 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது.

வாங்குவதானால் ரசீதோடு வாங்குங்கள். யாரிடமிருந்து, எப்போது, எங்கே கிடைத்ததாகச் சொன்னார்கள், எடை, விட்டம், என்ன சிகிச்சை செய்தீர்கள் என்பதை அமிலமற்ற காகிதத்தில் பென்சிலால் எழுதிக் காசோடு வையுங்கள். பால்பாயின்ட் மை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் அது பரவிக் காசில் ஏறும்.